'ஸி' என்ற ஒரே சொல்லுக்கு எத்தனை பொருள்? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: வணக்கம். நான் பிரெஞ்சு மொழி பயின்றுவருகிறேன். எங்கள் பாடநூலில் 'ஸி' என்ற சொல்லுக்கு ஓரிடத்தில் 'எனில்' என்றும், வேறோரிடத்தில் 'அவ்வளவு' என்றும், மற்றுமோரிடத்தில் 'ஆம்' என்றும் பொருள் தரப்பட்டிருக்கிறது. ஸ்பானியம் கற்கும் என் தோழியோ 'ஸி' என்றால் 'ஆம்' மட்டுமே என்கிறாள். இவையெல்லாம் ஒரே சொல்லா, ஒரே ஒலியில் அமைந்த வெவ்வேறு சொற்களா?

பதில்: உங்கள் பாடநூல் சொல்வது சரி. தோழி சொல்வதில் 'மட்டுமே' என்பதைத் தவிர மற்றது சரி. ஸ்பானியத்திலும் 'ஸி'க்கு 'எனில்' என்ற பொருள் உண்டு. எழுதும்போது அதைப் பிரித்துக் காட்ட ஒரு வழி வைத்திருக்கிறார்கள். அதை அடுத்துவரும் கேள்வியொன்றில் பார்க்கலாம். முதலில் இவற்றின் தாய்வீடான இலத்தீனுக்குப் போக வேண்டும்.

இலத்தீனில் 'ஆம்' என்பதற்கென்றே தனிச்சொல் கிடையாது. 'வருகிறாயா?' என்று கேட்டால் 'வருகிறேன்' என்று வினையையே திருப்பிச் சொல்வதுதான் ரோமானியரின் பொது வழக்கம். தமிழில் நாமும் பெரும்பாலும் இப்படித்தான் விடையளிக்கிறோம் என்பதால் இது நமக்கு விந்தையாகத் தோன்றாது. வினையைத் திருப்பிச் சொல்லாமல் ஒப்புக்கொள்ள விரும்பியவர்கள் 'இத்தா', 'எத்தியாம்', 'சானே' முதலிய சொற்களைக் கையாண்டார்கள். அவற்றுள் ஒன்றுதான் 'ஸீக்'. அதற்கு 'அப்படி', 'இவ்வாறு' என்று பொருள். கி.மு. 161இல் அரங்கேறிய தெரன்சியுஸின் 'ஃபோர்மியோ' நாடகத்தில், ஃபானியும் என்ற பெண் தனியே விடப்பட்டாளா என்று ஒரு பாத்திரம் கேட்க, அடிமையான கேத்தா 'ஸீக்' என்று ஒற்றைச் சொல்லில் விடை சொல்கிறான். 'அப்படித்தான்' என்பதே அதன் நேர்ப்பொருள் என்றாலும், அந்த இடத்தில் அது 'ஆம்' என்பதன் வேலையைத்தான் செய்கிறது. இந்த 'ஸீக்' காலப்போக்கில் இறுதி மெய்யை இழந்து இத்தாலியத்திலும் ஸ்பானியத்திலும் கத்தலானிலும் 'ஸி' ஆயிற்று.

'எனில்' என்ற பொருளைத் தரும் 'ஸி' இலத்தீனின் 'ஸீ' என்ற இடைச்சொல்லிலிருந்து வந்தது. இது வேறொரு சொல் என்று இங்கேயே முடித்துவிடலாம். பல கையேடுகள் அப்படித்தான் முடிக்கின்றன. ஆனால் இன்னும் ஒரு படி பின்னால் போனால் இரண்டும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள் என்பது தெரியவரும். பழைய இலத்தீனில் 'ஸீ' என்பது 'ஸெய்' என்று இருந்தது. 'இந்த வகையில்', 'இப்படி' என்பதே அதன் முதற்பொருள். அதனோடு 'இதோ' என்று சுட்டிக்காட்டும் 'கெ' என்ற ஒட்டைச் சேர்த்தால் 'ஸெய்கெ', அதிலிருந்து 'ஸீக்'. ஆக, சுட்டு ஒட்டாமல் நின்றது 'எனில்' ஆகவும், சுட்டு ஒட்டியது 'அப்படி' ஆகவும், பின்னர் 'ஆம்' ஆகவும் பிரிந்து போயின. 'அப்படி' என்பது எப்படி நிபந்தனைச் சொல்லாக மாறும் என்று ஐயுற வேண்டியதில்லை. 'அப்படியே ஆகட்டும்' என்று ஒப்புக்கொள்வதும், 'அப்படியானால்' என்று நிபந்தனை விதிப்பதும் தமிழிலும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவைதாமே.

'ஸெய்' என்ற பழைய வடிவத்தைக் கண்ணால் காண விரும்புவோர் வியன்னாவின் கலை வரலாற்று அருங்காட்சியகத்திலுள்ள ஒரு வெண்கலத் தகட்டைப் பார்க்கலாம். பாக்கஸ் வழிபாட்டுக் கூட்டங்களுக்குக் கட்டுப்பாடு விதித்து ரோம மேலவை கி.மு. 186இல் பிறப்பித்த ஆணை அதில் பொறிக்கப்பட்டிருக்கிறது. 1640இல் இத்தாலியின் தென்கோடியிலுள்ள திரியோலோவில் கிடைத்த தகடு அது. 'ஸெய் குவேஸ் எஸெந்த்' என்று ஒரு வாக்கியம் அதில் தொடங்குகிறது. 'எவரேனும் இருப்பாரெனில்' என்று பொருள். அதே வாக்கியத்தில் 'தமக்கு' என்னும் பொருளில் 'ஸிபெய்' என்ற சொல்லும் வருகிறது. இந்த 'ஸிபெய்' வேறு குலத்தைச் சேர்ந்தது. அதன் வழித்தோன்றலும் பின்னாளில் 'ஸி' என்றே தேய்ந்து நிற்கப்போகிறது என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிரெஞ்சு மொழியில் இரண்டு 'ஸி'களும் எவ்வளவு காலமாகச் சேர்ந்து வாழ்கின்றன என்பதற்கு அம்மொழியின் மிகப் பழைய ஆவணமே சான்று. பேரரசர் சார்லமேனின் பேரன்களான ஜெர்மானிய லூயியும் வழுக்கைத்தலை சார்லஸும் தங்கள் மூத்த அண்ணன் லோத்தருக்கு எதிராகக் கைகோத்து, 842 பிப்ரவரி 14 அன்று ஸ்ட்ராஸ்பூரில் சூளுரைத்தார்கள். எதிரே நிற்கும் தம்பியின் படைக்கு விளங்க வேண்டும் என்பதற்காக லூயி பிரெஞ்சின் பழைய வடிவமான ரோமானிய மொழியிலும், அண்ணன் படைக்கு விளங்க வேண்டும் என்பதற்காக சார்லஸ் ஜெர்மானிய மொழியிலும் பேசினார்கள். அதே குடும்பத்தைச் சேர்ந்த நிதார்ட் என்பவர் தம் இலத்தீன் வரலாற்று நூலில் அந்தச் சொற்களை அப்படியே எழுதிவைத்தார். லூயியின் உறுதிமொழியில் 'ஸி சல்வராய் எயோ' என்று வருகிறது: 'இவ்வாறே நான் என் தம்பி சார்லஸைக் காப்பேன்'. அடுத்து சார்லஸின் படையினர் எடுத்த உறுதிமொழி 'ஸி லுதுவிக்' என்று தொடங்குகிறது: 'லூயி தன் சூளைக் காத்து, எம் தலைவர் சார்லஸ் காக்கத் தவறுவாரெனில்' என்று அது போகிறது. சில வரிகள் இடைவெளியில் ஒரே எழுத்துக்கூட்டில் இரண்டு பொருள். ஐயம் தீர வேண்டுமானால் பக்கத்திலுள்ள ஜெர்மானியப் பாடத்தைப் பார்த்தால் போதும். முதல் 'ஸி'க்கு நேராக அங்கே 'ஸோ' என்றும், இரண்டாவதற்கு நேராக 'ஓபா' என்றும் இருக்கிறது. ஆங்கிலத்தில் இன்றும் 'அப்படி' என்ற பொருளில் வழங்கும் 'ஸோ'வும் அந்த ஜெர்மானிய 'ஸோ'வின் உறவுதான்.

கேள்வி: இலத்தீனின் 'ஸீக்' எல்லா இடத்திலும் 'ஆம்' ஆனது என்றால், பிரெஞ்சுக்காரர்கள் மட்டும் ஏன் 'உயி' என்கிறார்கள்?

பதில்: எல்லா இடத்திலும் ஆகவில்லை. ஆல்ப்ஸ் மலைக்கு வடமேற்கே மக்கள் வேறு சொல்லைத் தேர்ந்துகொண்டார்கள். 'இது' என்னும் பொருளுடைய இலத்தீன் 'ஹோக்' அது. தென் பிரான்சில் அது 'ஓக்' என்று நின்றது. வட பிரான்சில் அது 'ஓ' என்று குறுகி, பின்னால் 'நான்', 'அவன்' போன்ற ஒரு மூவிடப்பெயரையும் சேர்த்துக்கொண்டது. 'ஓ ஜே' என்றால் 'அதை நான்', 'ஓ இல்' என்றால் 'அதை அவன்'. 'அவன் வருவானா?' என்ற கேள்விக்கு 'ஓ இல்' என்று விடை சொல்லிச் சொல்லி, அந்தப் படர்க்கை வடிவமே எல்லாருக்கும் பொதுவாகி, 'ஓயில்' என்று இறுகி, இன்றைய 'உயி' ஆயிற்று. 'ஓக்' என்பதன் இறுதியில் ஒலிக்கும் ககர மெய், மேலே 'ஸீக்' என்பதில் கண்ட அதே சுட்டு ஒட்டின் எச்சம். இத்தாலியர் உதிர்த்துவிட்ட அந்தத் துண்டைத் தென் பிரான்சினர் இன்னும் உச்சரிக்கிறார்கள்.

'ஆம்' என்பதற்கு வழங்கும் சொல்லைக் கொண்டே மொழிகளை வகைப்படுத்தலாம் என்று கண்டவர் இத்தாலியக் கவிஞர் தாந்தே. 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மக்கள் பேசும் மொழியின் சிறப்பைப் பற்றி இலத்தீனில் எழுதத் தொடங்கி முடிக்காமல் விட்ட நூலில், தென்மேற்கு ஐரோப்பாவின் பேச்சு மொழியை 'ஓக்' என்போர், 'ஓயில்' என்போர், 'ஸி' என்போர் என மூன்றாகப் பிரித்தார். 'ஓக்' என்போரை அவர் ஸ்பானியர் என்று பெயரிட்டு அழைத்தது இன்றும் ஆய்வாளர்களை வாதிட வைக்கிறது. வடக்கே வாழும் ஸ்லாவியர், ஹங்கேரியர், ஜெர்மானியர், ஆங்கிலேயர் ஆகிய அனைவரும் ஏறத்தாழ 'யோ' என்று விடையளிப்பதாக அவர் எழுதியது, ஜெர்மானியரைப் பொறுத்தவரை ஏற்கத்தக்கது. ஹங்கேரியரையும் ஸ்லாவியரையும் பொறுத்தவரை வெறும் செவிவழிச் செய்தி. இந்த வகைப்பாடு அவர் மனத்தில் ஆழப் பதிந்திருக்க வேண்டும். 'தெய்வீக நாடகம்' என்ற தம் காவியத்தில் நரகத்தைப் பாடும் காண்டத்தின் 33ஆம் பாடலில், பீசா நகரைச் சபிக்கும் இடத்தில், இத்தாலியை அவர் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. 'ஸி ஒலிக்கும் அழகிய நாடு' என்கிறார். உகோலினோ பிரபுவும் அவருடைய பிள்ளைகளும் கோபுரத்தில் அடைக்கப்பட்டுப் பட்டினியால் மாண்ட கொடுமையைச் சொல்லி முடித்த மறுகணத்தில் வரும் வரி அது.

'ஓக்' மொழியின் பெயர் நிலத்துக்கும் ஏறியது. தென் பிரான்சின் 'லாங்தொக்' பகுதியின் பெயருக்கு 'ஓக் மொழி' என்பதே பொருள். பிரெஞ்சு மன்னர் முதலாம் பிரான்சுவா 1539இல் பிறப்பித்த வில்லேர்-கொத்தரே ஆணை, நீதிமன்ற ஆவணங்களைப் பிரெஞ்சு மொழியிலேயே எழுத வேண்டும் என்று விதித்தது. இலத்தீனைக் குறிவைத்ததாகச் சொல்லப்பட்டாலும் 'ஓக்' மொழிக்கும் அதனால் அலுவலகங்களில் இடமில்லாமல் போயிற்று. 2016இல் பிரான்சின் மாநிலங்கள் மறுசீரமைக்கப்பட்டபோது, துலூஸைத் தலைநகராகக் கொண்ட புதிய மாநிலத்துக்கு 'ஒக்சித்தானி' என்று பெயர் வைத்தார்கள். 'ஆம்' என்ற சொல்லைப் பெயரில் தாங்கிய மாநிலம் வேறு எங்கேனும் உண்டா என்று நான் யோசித்துப் பார்த்ததுண்டு.

கேள்வி: பிரெஞ்சு மொழியில் 'ஆம்' என்பதற்கு 'உயி' இருக்கும்போது 'ஸி' என்றும் சொல்வது ஏன்? இரண்டையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தலாமா?

பதில்: கூடாது. 'நீ வருகிறாயா?' என்று கேட்டால் விடை 'உயி'. 'நீ வரவில்லையா?' என்று எதிர்மறையாகக் கேட்டு, நீங்கள் வருவதாக இருந்தால் விடை 'ஸி'. அந்த ஓரசையில் 'நீங்கள் நினைப்பது தவறு, நான் வருகிறேன்' என்ற முழு வாக்கியமும் அடங்கிவிடுகிறது. இதே இடத்தில் 'உயி' என்று சொன்னால் கேட்டவர் குழம்புவார். ஜெர்மன் மொழியில் 'தோஹ்', ஸ்வீடிஷ், டேனிஷ், நார்வேஜிய மொழிகளில் 'யூ', ருமேனியத்தில் 'பா தா' ஆகியவை இதே பணியைச் செய்கின்றன. தமிழில் இதற்குத் தனிச்சொல் இல்லாததால், எதிர்மறைக் கேள்விக்கு 'ஆமாம்' என்று சொல்லிவிட்டு, 'ஆமாம் என்றால், வரவில்லை என்றா, வருகிறேன் என்றா?' என்ற மறுகேள்விக்கும் நாம் விடை சொல்ல வேண்டியிருக்கிறது.

ஆங்கிலத்திலும் ஒரு காலத்தில் இந்த வேறுபாடு இருந்தது. உடன்பாட்டுக் கேள்விக்கு 'யே' அல்லது 'நே' என்றும், எதிர்மறைக் கேள்விக்கு 'யெஸ்' அல்லது 'நோ' என்றும் விடையளிப்பது பழைய மரபு. விவிலியத்தை மொழிபெயர்த்த வில்லியம் டின்டேல், யோவான் நற்செய்தியின் முதல் அதிகாரத்தில் 'நீர் தீர்க்கதரிசியா?' என்ற கேள்விக்கு 'நோ' என்று விடை எழுதிவிட்டார் என்றும், அந்த இடத்தில் 'நே' என்றுதான் வந்திருக்க வேண்டும் என்றும் தாமஸ் மோர் 1532இல் கடிந்துகொண்டார். மத நம்பிக்கையில் எதிரெதிர் நின்ற இருவரும் இந்த ஓரசைச் சொல்லுக்காகவும் மோதிக்கொண்டதில் வியப்பில்லை. ஆனால் மோர் காத்துநின்ற விதி அப்போதே மக்கள் பேச்சில் தளரத் தொடங்கியிருந்தது. பின்னர் 'யெஸ்' எல்லா இடத்தையும் பிடித்துக்கொண்டது.

அந்த 'யெஸ்' என்பதற்குள்ளும் ஒரு 'ஸி' ஒளிந்திருக்கிறது என்பது பெரும்பாலான சொற்பிறப்பியலாரின் கருத்து. பழைய ஆங்கிலத்தில் அதன் வடிவம் 'யேஸெ'. 'யே' என்பதோடு 'ஸீ' சேர்ந்து உருவானது என்று விளக்குகிறார்கள். ஆனால் இந்த 'ஸீ' இலத்தீன் 'ஸீ' அன்று. 'ஆகட்டும்', 'இருக்கட்டும்' என்னும் பொருளுடைய வினைவடிவம். ஜெர்மன் மொழியில் இன்றும் 'ஸை' என்ற உருவில் வழங்குகிறது. இத்தாலியரின் 'ஆம்'இலும் ஆங்கிலேயரின் 'ஆம்'இலும் 'ஸி' இருந்தும், ஒன்றுக்கொன்று இரத்த உறவு இல்லை. ஒலியை மட்டும் வைத்து உறவு கொண்டாடுவோர் வழுக்கி விழும் இடம் இது.

கேள்வி: இத்தாலியத்திலும் ஸ்பானியத்திலும் 'ஸி' என்று எழுதும்போது சில இடங்களில் உயிரெழுத்தின் மேல் ஒரு சாய்கோடு இருக்கிறது, சில இடங்களில் இல்லை. உச்சரிப்பு மாறுமா?

பதில்: சாய்கோடு ஒலியை மாற்றுவதற்காக இடப்படுவதன்று, ஒரே ஒலியுள்ள இரு சொற்களைக் கண்ணுக்குப் பிரித்துக் காட்டுவதற்காக இடப்படுவது. ஸ்பானியத்தில் கோடு இருந்தால் 'ஆம்', இல்லையென்றால் 'எனில்'. 'ஸி, ஸி புவேதோ' என்ற தொடரில் இரண்டாவது 'ஸி'யின் மேல் கோடு இருந்தால் 'ஆம், என்னால் நிச்சயம் முடியும்' என்று பொருள். இல்லையென்றால் 'ஆம், என்னால் முடியுமானால்' என்று ஆகிவிடும். கடன் கேட்டவருக்கு எழுதும் கடிதத்தில் அந்தக் கோட்டை விட்டுவிட்டால் என்ன ஆகும் என்று எண்ணிப்பாருங்கள்.

கோடிட்ட வடிவத்துக்கு ஸ்பானியத்தில் வேறொரு பொருளும் உண்டு. 'பாரா ஸி' என்றால் 'தனக்காக'. மேலே வெண்கலத் தகட்டில் கண்ட 'ஸிபெய்' பின்னாளைய இலத்தீனில் 'ஸிபி' ஆகி, ஸ்பானியத்தில் 'ஸி' என்று தேய்ந்தது இதுதான். இத்தாலியத்தில் கோடிட்டது 'ஆம்' மட்டும். கோடற்ற 'ஸி' 'தன்னை', 'தம்மை' என்ற பொருளைத் தரும். அது இலத்தீன் 'ஸே' என்பதன் வழி வந்தது. அதுவே செய்பவர் இன்னாரென்று சொல்லாமல் விடவும் பயன்படுகிறது. 'ஸி பார்லா இத்தாலியானோ' என்று ஒரு பலகையில் எழுதியிருந்தால் 'இங்கே இத்தாலியம் பேசப்படும்' என்று பொருள். 'ஆம், அது தெரிந்ததே' என்பதை இத்தாலியர் 'ஸி, ஸி ஸா' என்பார்கள். முதலாவது 'ஸீக்', இரண்டாவது 'ஸே'. 'எனில்' என்பதற்கு இத்தாலியரும் போர்ச்சுகீசியரும் 'ஸே' என்றே சொல்வதால் அங்கே ஒரு குழப்பம் குறைகிறது. போர்ச்சுகலில் 'ஆம்' என்பதும் மூக்கொலி ஏறி 'ஸிம்' என்று எழுதப்படுவதால் எந்தத் தொல்லையும் இல்லை.

ஸ்பானியர் இந்தச் சொல்லைப் பெயர்ச்சொல்லாகவும் ஆள்வார்கள். 'ஸி கொடுப்பது' என்றால் திருமணத்துக்கு ஒப்புக்கொள்வது. 1806இல் மாட்ரிடில் அரங்கேறிய மொராத்தினின் 'எல் ஸி தெ லாஸ் நீன்யாஸ்' என்னும் நாடகத்தின் தலைப்புக்கு 'இளம்பெண்களின் ஸி' என்று பொருள். தாயின் வற்புறுத்தலால் வயது முதிர்ந்தவருக்கு மணம் பேசப்பட்ட பெண் சொல்லும் 'ஆம்' உண்மையில் அவளுடைய 'ஆம்'தானா என்பதே அந்த நாடகத்தின் கேள்வி. மறுப்பதற்குக்கூட 'ஸி' துணைக்கு வரும் என்பதுதான் வேடிக்கை: 'எஸோ ஸி கே நோ' என்றால் 'அது மட்டும் நடக்கவே நடக்காது'.

கத்தலான் மொழியில் வேறு வழியாக இன்னொரு 'ஸி' வந்து சேர்ந்தது. மார்பு, மடி என்னும் பொருளுடைய இலத்தீன் 'ஸினுஸ்' அங்கே 'ஸி' என்று சுருங்கியது. ஒரு கட்சியின் 'ஸி'யில் நடந்த விவாதம் என்று கத்தலான் செய்தித்தாளில் படித்தால் 'கட்சிக்குள்' என்று கொள்ள வேண்டும்.

கேள்வி: மேற்கத்திய இசையில் 'தோ, ரே, மி, ஃபா, ஸோல், லா, ஸி' என்று ஏழாவது சுரத்தின் பெயரும் 'ஸி'தானே? அதற்கும் 'ஆம்' என்று பொருளா?

பதில்: இல்லை. அது இரண்டு சொற்களின் முதலெழுத்துகளை ஒட்டிச் செய்த பெயர். 11ஆம் நூற்றாண்டில் அரெட்ஸோ நகரத்துத் துறவி குயிதோ, பாடகர்கள் சுரங்களை எளிதாக மனத்தில் இருத்துவதற்காக, திருமுழுக்கு யோவானைப் போற்றும் ஒரு பழைய இலத்தீன் பாடலைத் தேர்ந்தெடுத்தார். அப்பாடலின் முதல் ஆறு அடிகளில் ஒவ்வொன்றும் முந்தையதைவிட ஒரு படி உயர்ந்த சுரத்தில் தொடங்குவது அதன் சிறப்பு. 'உத் குவேயாந்த்', 'ரெஸொனாரே', 'மீரா', 'ஃபமுலி', 'ஸொல்வெ', 'லபியி' என்ற அடிகளின் முதலசைகளே உத், ரே, மி, ஃபா, ஸோல், லா ஆயின. உம்முடைய அருஞ்செயல்களை உம் அடியார்கள் தடையற்ற குரலில் பாடும்படி, மாசுபட்ட உதடுகளின் குற்றத்தைக் களைவாயாக என்று வேண்டும் பாடல் அது. 'உத்' என்பதைப் பாடுவது கடினமாக இருந்ததால் 17ஆம் நூற்றாண்டில் இத்தாலியில் அது 'தோ' ஆயிற்று.

குயிதோவின் முறையில் ஆறு சுரங்களே உண்டு. ஏழாவதற்குப் பெயர் தேவைப்பட்டபோது அதே பாடலின் கடைசி அடிக்குத்தான் போனார்கள். 'ஸாங்க்தெ யொஹான்னெஸ்', அதாவது 'தூய யோவானே' என்ற விளி. அதன் இரு முதலெழுத்துகளைச் சேர்த்து 'ஸி' என்றார்கள். 'யொஹான்னெஸ்' என்பதன் முதலெழுத்து இலத்தீனில் யகர மெய்யாகவும் இகர உயிராகவும் ஒலிக்கக்கூடிய ஒன்று. பெயரில் யகரமாக இருந்ததைச் சுரத்தில் இகரமாக்கிக்கொண்டார்கள். 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் நாரிச் நகரில் குழந்தைகளுக்குப் பாடக் கற்பித்த சாரா குளோவர் அம்மையார், 'ஸோல்', 'ஸி' இரண்டும் ஒரே எழுத்தில் தொடங்குவது இடைஞ்சல் என்று கருதி ஏழாவதை 'டி' என்று மாற்றினார். ஆங்கிலம் பேசும் நாடுகளில் அதுவே நிலைத்தது. விலக்கப்பட்ட 'ஸி' அங்கேயும் முற்றாக மறையவில்லை. அந்த முறையில் அரைச்சுரம் உயர்த்திய 'ஸோல்'க்கு அதே பெயரை வைத்துக்கொண்டார்கள்.

கேள்வி: அறிவியல் நூல்களில் வரும் 'எஸ்ஐ' அலகுகளும், சிலிக்கானின் குறியீடும் இதோடு தொடர்புடையனவா?

பதில்: தொடர்பில்லை. முதலாவது, 1960இல் எடை அளவைகளுக்கான பொது மாநாடு சூட்டிய 'பன்னாட்டு அலகு முறை' என்ற பிரெஞ்சுப் பெயரின் முதலெழுத்துகள். இரண்டாவது, சிக்கிமுக்கிக் கல்லைக் குறிக்கும் இலத்தீன் 'ஸிலெக்ஸ்' என்பதன் சுருக்கம். மூலச் சொல்லான 'ஸீக்' அறிவுலகில் நேரடியாக வழங்கும் இடம் வேறு. பிறருடைய எழுத்தை மேற்கோள் காட்டும்போது, அதிலுள்ள பிழை நம்முடையதன்று, மூலத்தில் உள்ளபடியே தந்திருக்கிறோம் என்று தெரிவிப்பதற்காகப் பகர அடைப்புக்குள் இடும் 'ஸிக்' அதுதான்.

கேள்வி: இதுவரை இலத்தீன் வழிவந்த மொழிகளையே பெரிதும் சொல்லியிருக்கிறீர்கள். கிழக்கிலும் வடக்கிலும் இந்தச் சொல் உண்டா?

பதில்: உண்டு. அங்கேதான் கதை இன்னும் சுவையாகிறது. முதலில் ருமேனியத்தைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதுவும் இலத்தீன் வழிவந்ததே. ஸ்லாவிய மொழிகளின் நடுவே வாழ்ந்த ருமேனியர் 'ஆம்' என்பதற்கு 'தா' என்ற ஸ்லாவியச் சொல்லை எடுத்துக்கொண்டாலும், 'ஸீக்' வேலையிழந்து நிற்கவில்லை. 'ஷி' என்று உருமாறி 'மற்றும்', '-உம்' என்னும் பொருளில் நாள்தோறும் பல நூறு முறை புழங்குகிறது. 'அப்படி' என்பது 'உம்' ஆனது எப்படி என்று வியக்க வேண்டாம். பழைய பிரெஞ்சுக் கதைப்பாடல்களிலும் 'ஸி' என்பது ஒரு செயலை அடுத்த செயலோடு கோக்கும் இடைச்சொல்லாக வரும்.

செக் மொழியில் 'ஸி' என்றால் 'தனக்கு'. இத்தாலியத்தின் கோடற்ற 'ஸி'யும் இதுவும் ஒன்றிடமிருந்து மற்றொன்று பெற்ற கடனல்ல. இரண்டும் இந்தோ-ஐரோப்பிய மூலமொழியின் தற்சுட்டுப் பெயரிலிருந்து தனித்தனியே இறங்கி வந்தவை. சமஸ்கிருதத்தின் 'ஸ்வ' அதே வேர்; நாம் அன்றாடம் எழுதும் 'சுயம்' அதன் வழியே வந்ததுதான். அண்டை மொழியான ஸ்லோவாக்கிலும் 'ஸி' என்றால் 'தனக்கு' என்று பொருள். ஆனால் அங்கே 'நீ இருக்கிறாய்' என்பதும் 'ஸி'தான். இந்த இரண்டாவது 'தத்வமஸி' என்னும் மகாவாக்கியத்தின் கடைசியில் உள்ள 'அஸி'யோடு ஒரே வேரைக் கொண்டது. 'யெஸ்' என்பதற்குள் ஒளிந்திருப்பதாகச் சொன்ன 'ஆகட்டும்' என்னும் 'ஸீ'யும் இந்த 'இரு' என்னும் வேரைச் சேர்ந்ததே. இரண்டு 'ஸி'களும் ஸ்லோவாக்கில் அடுத்தடுத்து வரும்போது புதிதாகக் கற்பவர் திகைப்பார். 'கூபில் ஸி ஸி ஆவுத்தோ?' என்றால் 'நீ உனக்கென்று கார் வாங்கினாயா?' முதல் 'ஸி' 'நீ' என்பதைக் காட்டும் துணைவினை, அடுத்தது 'உனக்கென்று'. செக் மொழியினர் இந்த இரட்டைக்கிளவியைப் பொறுக்காமல் இரண்டையும் 'ஸிஸ்' என்று ஒன்றாக்கிவிட்டார்கள்.

நார்வேஜிய மொழியில் 'ஸி' என்பது 'சொல்' என்னும் வினை. பழைய நார்ஸ் மொழியின் 'ஸெக்யா' தேய்ந்து நிற்பது. ஆங்கிலத்தின் 'ஸே' அதன் உடன்பிறப்பு. 'தன்னுடைய' என்னும் பொருளிலும் அங்கே ஒரு 'ஸி' உண்டு. பெண்பால் பெயர்ச்சொற்களின் பின்னால் வரும். 'ஹான் எல்ஸ்கெர் கூனா ஸி' என்றால் அவன் தன் மனைவியை நேசிக்கிறான். 'ஸி' இருக்க வேண்டிய இடத்தில் 'ஹான்ஸ்' என்று மாற்றிவிட்டால், அவன் நேசிப்பது வேறொருவருடைய மனைவியை. நார்வே மொழி கற்பிக்கும் ஆசிரியர்கள் முதல் ஆண்டிலேயே இந்த எடுத்துக்காட்டைச் சொல்லிவிடுவது மாணவர் நலன் கருதியே என்று நினைக்கிறேன்.

அல்பேனிய மொழியில் 'ஸி' என்றால் 'எப்படி'. 'ஸி யெனி?' என்று நலம் விசாரிப்பார்கள். ஹங்கேரிய மொழியில், எழுத்தில் 'ஸீ' போலத் தோன்றினாலும் 'ஷீ' என்று ஒலிக்கும் ஒரு சொல் இருக்கிறது. இந்தோ-ஐரோப்பியக் குடும்பத்துக்கே வெளியிலுள்ள மொழி என்பதால் அங்கே ஏதோ தொன்மையான வேர் இருக்கும் என்று நீங்கள் எதிர்பார்க்கக்கூடும். அப்படியொன்றும் இல்லை. பனிச்சறுக்குப் பலகையை நார்வேயினர் 'ஷீ' என்று சொல்ல, ஜெர்மானியர் அதை வாங்கி ஹங்கேரியரிடம் சேர்த்தார்கள். ஹங்கேரிய எழுத்துமுறையில் சகர எழுத்துக்கு ஷகர ஒலி என்பதால் அது அந்த உருவில் எழுதப்படுகிறது. பழைய நார்ஸ் மொழியில் அதன் மூலமான 'ஸ்கீத்' என்ற சொல்லுக்குப் பிளந்த மரத்துண்டு என்று பொருள்.